ஆட்டக்காரரைத் தேர்தலும் அத்தேர்வை மதிப்பிடுதலும்

ஒரு காரியம் நிகழ்ந்து முடிந்தபின் அதனைக் குறித்துத் தீர்ப்புக் கூறுதல் யாவர்க்கும் எளிது. அது நிகழுமுன் துணிந்து ஒன்றைத் தெரிந்தெடுத்தலோ மிகச் சிலர்க்கே கைகூடுவது. விளையாட்டைப் பற்றிய பேச்சில் இவ்வுண்மை நாள்தோறும் விளங்கக் காண்கின்றோம். ஓர் அணி வென்றுவிட்டால், அதனைச் சேர்த்தவர் மதிநுட்பம் உடையவர் என்று புகழ்கின்றோம். அவ்வணியே தோற்றுவிடின், பணத்தை வீணே இறைத்தவர் என்று இகழ்கின்றோம். புகழ்ச்சிக்கும் இகழ்ச்சிக்கும் இடையே அவ்வாட்டக்காரர் எந்நிலையில், எக்காரணம் பற்றி, எவ்வேலைக்காக எடுக்கப்பட்டனர் என்று ஆராய்வார் அரியர். இவ்வாராய்ச்சி எங்ஙனம் செய்யற்பாலது என்பதைப் பற்றி நமது கருத்தை ஈண்டுச் சிறிது விரித்துரைக்க விரும்புகின்றோம். கல்லூரி அணிக்கு ஆள் தேடும் நம்மாணவர்க்கும், பிற்காலத்தில் பல பணிகட்கு ஆட்களைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பினை ஏற்கவிருக்கும் இளைஞர்க்கும் இது பயன்படுமென்பது நமது துணிபு.

இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டு நம் நாட்டு ஹாக்கி உலகிலேயே உளது. 2013ஆம் ஆண்டு தொடங்கி 2017 வரை நடைபெற்றுப் பின்னர் நின்றுபோயிருந்த ஹாக்கி இந்தியா லீக் என்னும் பந்தயம் மீண்டும் உயிர்பெற்றபோது, 2024 அக்டோபரில் புதுதில்லியில் ஆட்டக்காரர் ஏலம் நடந்தது. ஆடவர் பிரிவில் எட்டு அணிகள். ஓரணி செலவிடத்தக்க தொகை 4 கோடி ரூபாய். அணி ஒன்றுக்கு ஆட்டக்காரர் 24 பேர், அவருள் 8 பேர் அயல்நாட்டார், ஏனையோர் இந்தியர், இவ்விந்தியருள் நால்வரேனும் இளையோர் பிரிவினராதல் வேண்டும் என்பது விதி. எட்டு அணிகளுள் ஒன்று தமிழ்நாடு டிராகன்ஸ் என்னும் பெயர் தாங்கியது. இதற்கு முன்னரும் சென்னை வீரன்ஸ், சென்னை சீட்டாஸ் என்ற அணிகள் வேறு பந்தயங்களில் ஆடியதுண்டு. எனினும், தமிழ்நாடு முழுமைக்கும் உரிய பெயரைச் சூடிக்கொண்டு இந்தப் பந்தயத்துட் புகுந்தமையால், இவ்வணியின் தேர்வைக் குறித்துப் பேச நம்மனோர்க்கு ஓர் உரிமை உண்டாயிற்று.

அவ்வேலத்தில் டிராகன்ஸ் அணியினர் ஹாலந்து நாட்டு ஜிப் யான்சன் என்பாரை 54 லட்சத்துக்கும், ஒடிசா மாநிலத்து அமித் ரோஹிதாஸை 48 லட்சத்துக்கும், அயர்லாந்தின் கோல் காப்பாளர் டேவிட் ஹார்ட்டை 32 லட்சத்துக்கும் எடுத்தனர். இம்மூவர்க்கும் ஆன தொகை 1 கோடியே 34 லட்சம். அஃதாவது மொத்தப் பணத்தில் மூன்றிலொரு பங்கு. யான்சன் பின்னணியில் நிற்பவர்; பெனால்டி கார்னர் அடிப்பதில் வல்லவர்; அவ்வாண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியைச் சேர்ந்தவர். ரோஹிதாஸ் தற்காப்பாளர்; எதிரியின் பெனால்டி கார்னரை முதலில் ஓடிச்சென்று தடுப்பவர். ஹார்ட் 2015, 2016 ஆகிய ஈராண்டுகளிலும் உலகின் சிறந்த கோல் காப்பாளர் என்ற பரிசைப் பெற்றவர். ஆயினும் ஏலத்தின்போது 36 வயது நிரம்பியவர். இப்பங்கினை முன்னணித் தாக்குதலுக்கன்றிக் கோட்டையைக் காப்பதற்கே வைத்தனர் என்பது இதனாற் புலனாகும்.

பந்தயம் 2024 டிசம்பர் இறுதியில் ரூர்கேலாவில் தொடங்கி 2025 பிப்ரவரி 1ஆம் நாள் முடிவுற்றது. டிராகன்ஸ் அணி அரையிறுதிவரை வந்து வங்காள அணியிடம் தோற்றது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்திலும் சூர்மா அணியிடம் 2-1 என்ற கணக்கில் தோற்று நான்காம் இடத்தில் நின்றது. இறுதியாட்டத்தில் வங்காள அணி ஹைதராபாத்தை 4-3 என்று வென்று கோப்பையைக் கொண்டது. இத்துணையும் நடந்தவை. இனி, டிராகன்ஸ் அணியினர் தம் பணத்தை நன்கு செலவிட்டனரா, அன்றோ என்பதே வினா. நான்காமிடம் என்ற ஒன்றை மட்டும் வைத்து இதற்கு விடை கூறுவார் அவசரக்காரர் என்போம்.

நம் வடகரைப் பக்கத்தில் மாந்தோப்புக் குத்தகை எடுப்பாரை யாவரும் அறிவர். மரம் பூத்து நிற்கும்போதே தொகை பேசி முடிப்பர். பூவின் செறிவு, மரத்தின் வயது, மண்ணின் ஈரம், சென்ற ஆண்டின் காய்ப்பு ஆகியவற்றைக் கண்ணாற் கண்டு கணக்கிடுதல் குத்தகைக்காரரின் திறமை. பின்னர்ப் பெருங்காற்று வீசிப் பிஞ்செல்லாம் உதிர்ந்துவிடின், அது அவரது அறியாமையாற் போந்ததன்று. நேர்மாறாக, பூவே அற்ற தோப்பை எடுத்தவர்க்கு எதிர்பாராது விலை ஏறி இலாபம் கிடைப்பினும், அவரை அறிவாளி என்று எவரும் கூறார். தேர்ந்தெடுத்த நாளில் எவை கண்ணுக்குத் தெரிந்தனவோ அவற்றைக் கொண்டே தேர்வை மதிப்பிடல் வேண்டும். பின்னர்த் தெரியவந்தவற்றை முன்னரே தெரிந்திருக்க வேண்டுமென்று எதிர்பார்த்தல் நியாயமாகாது. இதுவே நாம் வற்புறுத்தும் முதல் விதி.

இவ்விதிக்கு மும்பை அணியின் கதை சான்று பகரும். 2012 டிசம்பரில் நிகழ்ந்த முதல் ஏலத்தில் மும்பை மஜீஷியன்ஸ் அணி சந்தீப் சிங் என்பாரை 64,400 டாலர் கொடுத்து எடுத்தது. 2013ஆம் ஆண்டுப் பந்தயத்தில் அவர் 11 கோல் அடித்து யாவரினும் முதல்வராக விளங்கினார். எனினும் அவ்வணி ஐந்து அணிகளுள் கடைசியாக வந்தது. எடுத்த ஆள் குறையா ஆடியும் எடுத்த அணி வீழ்ந்தது எங்ஙனம்? பந்தயம் தொடங்கிய வேளையில் எல்லைப் பூசல் காரணமாகப் பாகிஸ்தான் ஆட்டக்காரர் ஒன்பதின்மரும் ஊருக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். அவருட் சிலரை மும்பை அணி நம்பியிருந்தது. அரசியற் புயலை முன்கூட்டி அளந்து ஏலத்தில் அமர்ந்திருத்தல் எவர்க்கும் இயலாதது. கடைசி இடம் என்ற எண்ணை மட்டும் நோக்குவார்க்குச் சந்தீபின் தேர்வும் தவறாகவே தோன்றும். அது தவறன்று.

விலை மிக்கதே பயன் மிக்கது என்ற எண்ணமும் ஆராய்தற்குரியது. அதே முதல் ஏலத்தில் மிகுந்த விலை பெற்றவர் ஹாலந்து நாட்டுப் பேராட்டக்காரர் தூன் தெ நோயர். அவரை உத்தரப் பிரதேச அணி 81,000 டாலருக்கு எடுத்தது. அடுத்தவர் சர்தார் சிங். தில்லி அணி 78,000 டாலர் கொடுத்தது. கோப்பையை வென்றதோ இவ்விரு அணிகளும் அல்ல. ராஞ்சி ரைனோஸ் அணியே. அவ்வணியிலும் மோரிட்ஸ் பூர்ஸ்டே என்ற 75,500 டாலர் ஜெர்மானியர் இருந்தாரென்பது மெய்தான். ஆனால் அவரோடு பெரும்பெயர் பெறாத இளைஞரும் இருந்தனர். மன்தீப் சிங் அப்போது 18 வயதினர். மன்பிரீத் சிங் இருபதைக் கடவாதவர். 2021ஆம் ஆண்டு டோக்கியோ நகரில் இந்தியா நாற்பத்தோராண்டு இடைவெளிக்குப் பின் ஒலிம்பிக் பதக்கம் பெற்றபோது, அணித்தலைவராக நின்றவர் அம்மன்பிரீத்; மன்தீபும் அவ்வணியில் ஆடினார். ராஞ்சி அணியின் தேர்வு எத்துணை நன்று என்பதை 2013ஆம் ஆண்டின் கோப்பை ஒருவாறு காட்டிற்று. முழுதும் காட்டியது எட்டாண்டு கழிந்தபின் வந்த பதக்கமேயாம்.

மூன்றாவதாக, எவ்வேலைக்கு எடுத்தனர் என்பதை நோக்கல் வேண்டும். 2024ஆம் ஆண்டு ஏலத்தில் ரோஹிதாஸுக்குக் கிடைத்த அதே 48 லட்சம் வங்காள அணியில் ஜுக்ராஜ் சிங்குக்கும் கிடைத்தது. ஜுக்ராஜ் பெனால்டி கார்னர் வல்லுநர். இறுதியாட்டத்தில் மட்டும் மூன்று கோல் அடித்தார். செய்தித்தாள் படிப்போர் இருவரையும் தராசின் இரு தட்டில் வைத்து, ஒருவர் விலைக்குத் தக்கவர், மற்றவர் தகாதவர் என்று எளிதிற் கூறிவிடலாம். ஆனால் அடித்த கோலை எண்ணுதற்குப் பலகை உண்டு. அடிக்கவிடாது தடுத்த கோலை எண்ணுதற்குப் பலகை ஏது? எதிரி வளையத்துள் நுழையுமுன் பந்தைப் பறித்தவன் பெயர் மறுநாட் பத்திரிகையில் வருவதில்லை. வரப்பு உடையாமற் காத்தவனை மறந்து, உடைந்த வரப்பை அடைத்தவனை மெச்சுவது போன்றது இது. தற்காப்பாளரை மதிப்பிடுவார், அவர் களத்தில் நின்ற நேரத்தில் அணி எத்தனை கோல் வாங்கிற்று, அவர் வெளியில் இருந்த நேரத்தில் எத்தனை வாங்கிற்று என்று கணக்கெடுத்தல் வேண்டும். அது செய்யாது கூறும் தீர்ப்பு கண்ணைக் கட்டிக்கொண்டு நிறுத்தல் போலாம்.

திருக்குறளில் தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரமும், அதனை அடுத்துத் தெரிந்து வினையாடல் என்று மற்றோர் அதிகாரமும் வைக்கப்பட்டிருத்தலை மாணவர் அறிவர். ஆளைத் தேர்தல் வேறு. தேர்ந்த ஆளைத் தக்க வினையில் அமர்த்தல் வேறு என்னும் பகுப்பினை அம்முறைவைப்பே உணர்த்துகின்றது. ஏலத்தில் எடுத்தவர் ஒருவர். களத்தில் ஆட்டுவிப்பவர் மற்றொருவர். நல்ல முன்னணி வீரனைப் பின்னணியில் நிறுத்தித் தோற்ற பயிற்சியாளரின் பிழையை, அவ்வீரனை எடுத்தவர் தலையிற் சுமத்துதல் தகாது. எடுத்தவரின் பிழையை ஆடினவன்மேற் சுமத்துதலோ அதனினும் கொடிது. அவ்விலையை அவன் தனக்குத் தானே வைத்துக்கொண்டானல்லன்.

இனி, கடல் கடந்த நாட்டு வழக்கமொன்றை நோக்குவோம். வட அமெரிக்காவில் பனித்தரை ஹாக்கி ஆடும் தொழில்முறை அணிகள் 1963 முதல் ஆண்டுதோறும் இளைஞரை வரிசை முறையில் தெரிந்தெடுக்கின்றன. அங்கே ஏலம் இல்லை; முந்திய பருவத்தில் பின்தங்கிய அணிகளுக்கு முன்னுரிமை. 1993ஆம் ஆண்டு ஒட்டாவா அணி முதலாமவராக அலெக்ஸாந்தர் டேக் என்பாரை எடுத்தது. அவர்மேல் வைத்த நம்பிக்கை நிறைவேறவில்லை; இரண்டாமவராக எடுக்கப்பட்ட கிரிஸ் பிராங்கரோ 2000ஆம் ஆண்டில் அப்பந்தயத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற பரிசைப் பெற்றார். டெட்ராய்ட் அணியோ 1989இல் 53ஆம் இடத்தில் லிட்ஸ்ட்ராமையும், 1998இல் 171ஆம் இடத்தில் தத்சுக்கையும், 1999இல் 210ஆம் இடத்தில் ஜெட்டர்பெர்க்கையும் எடுத்தது. 2008ஆம் ஆண்டு அவ்வணி ஸ்டான்லி கோப்பையை வென்றபோது மூவரும் அதில் ஆடினர்.

டெட்ராய்ட் அணியினர் பிறர் காணாததைக் கண்ட ஞானிகள் என்று இதனாற் பலர் புகழ்வர். புகழ்ச்சியில் உண்மை உண்டு. பிறர் செல்லாத ஐரோப்பிய ஊர்களுக்குச் சென்று இளைஞரைக் கண்டனர். ஆயினும் ஒன்று கேட்கின்றோம். தத்சுக் இத்துணைச் சிறந்தவராவார் என்று அவர்கள் உறுதியாக அறிந்திருப்பின், 170 பேர் முன்னே செல்லும்வரை காத்திருந்திருப்பரோ? அவர்களும் அறியார் என்பதே உண்மை. ஒன்று செய்தனர்: யாரும் நோக்காத மூலையில் தேடினர், கிடைத்தவனைப் பொறுமையோடு வளர்த்தனர். ஆகவே, ஒரு நல்ல தேர்வில் அறிவு ஒரு பங்கு. வளர்ப்பு ஒரு பங்கு. நற்பேறு ஒரு பங்கு. மூன்றையும் சேர்த்து அறிவு என்றே பெயரிடுவார் தாமும் ஏமாந்து பிறரையும் ஏமாற்றுவர்.

இங்ஙனமாயின், எவரையும் எதற்கும் பொறுப்பாளியாக்க இயலாதே, தோல்வி அனைத்தையும் காற்றின்மேலும் காலத்தின்மேலும் போட்டுத் தப்பலாமே என்று சிலர் தடை நிகழ்த்துவர். அத்தடை வலியுடையதே. ஒரு தேர்வை ஒரு பருவத்தைக் கொண்டு இகழ்தல் தகாது என்றோமேயன்றி, பல தேர்வுகளைப் பல பருவங்கள் நோக்கியும் தீர்ப்புக் கூறலாகாதென்று கூறினோமல்லோம். பத்துத் தோப்பை எடுத்துப் பத்திலும் நஷ்டமடைந்த குத்தகைக்காரர் காற்றை நொந்து பயனில்லை. அவ்வாறே, மூன்று நான்கு ஏலங்களிலும் பெயர் பெற்றோர்க்கே பணத்தைக் கொட்டி, அவர் முதிர்ந்து ஓய்ந்தபின் மீண்டும் பெயர் பெற்றோரையே தேடும் அணி, தன் முறையையே மாற்றிக்கொள்ளக் கடமைப்பட்டது. ஹார்ட்டைப் போன்ற முதிர்ந்த காப்பாளரை எடுத்தது முதற் பருவத்துக்கு ஏற்ற செயலே. அனுபவமுடைய ஒருவர் பின்னே நின்றால் புதிய அணி நிலைகொள்ளும். ஆனால் அவர் ஆடிக்கொண்டிருக்கும்போதே அவரருகில் ஓர் இளைஞன் பழகி வருகின்றானா என்பதே ஐந்தாண்டு கழித்துக் கேட்கவேண்டிய கேள்வி. நான்கு இளையோரை எடுத்தல் விதியின் கட்டாயம். அந்நால்வரைக் களத்தில் இறக்குதலோ அணியின் மனம்.

இவ்விடத்திற்றான் நம் உள்ளத்தை உண்மையில் தொடும் விஷயம் வருகின்றது. தமிழ்நாட்டின் பெயர் தாங்கிய அணியில் மிகுந்த விலை பெற்ற மூவரும் தமிழ்நாட்டவரல்லர். இதனைக் குறையாகக் கூறவில்லை. பந்தயத்தில் வெல்ல வல்லாரைத் தேடுதல் முறையே. ஒடிசாவின் மகனும் ஹாலந்தின் மகனும் நம் பெயருக்காக வியர்வை சிந்தின், அவர்க்கு நன்றி பாராட்டுதல் பண்பே. ஆயினும் அதே அணியில் கார்த்தி செல்வம் என்னும் இளைஞரும் ஆடினார். அவர் அரியலூரிற் பிறந்து, நம் அண்டை மாவட்டத்துக் கோவில்பட்டியில் அரசினர் நடத்தும் ஹாக்கிப் பயிற்சி விடுதியிற் பழகியவர். 2022ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பைக்காக இந்தியா சார்பில் ஆடிய முதலாட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் அடித்தவர். கோவில்பட்டியைச் சேர்ந்த மாரீஸ்வரன் சக்திவேலும் அத்தொடரிலேயே இந்தியாவுக்கு ஆடத் தொடங்கினார். லட்சுமி அம்மாள் நினைவுப் பந்தயத்தைக் கண்டு வளர்ந்த அவ்வூரின் தெருக்களில் கோல் பிடியாத சிறுவரைக் காண்டல் அரிது. 1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர் தமிழ்நாட்டு வி. பாஸ்கரன் என்பதையும் மறத்தற்கில்லை. விதை இல்லாத நிலமன்று இது.

கோவில்பட்டிக்கு ஒரு விடுதியும் செயற்கைத் தரையும் வாய்த்தமையால் ஆங்கு இருவர் தோன்றினர். சிற்றாற்றின் கரையிலும், பண்பொழி, செங்கோட்டை, கடையநல்லூர்ப் பக்கங்களிலும் அத்தகைய கால்வலியும் கண்கூர்மையும் உடைய சிறுவர் இலர் என்று கூறத் துணிவார் யார்? அவரைக் கண்டாரில்லை என்பதே உண்மை. காணப்படாதவனை ஏலத்தில் எவரும் கேளார். ஆகலின், தமிழ்நாடு டிராகன்ஸ் அணியின் தேர்வை மதிப்பிட நாம் கைக்கொள்ளும் இறுதி அளவுகோல் இது: 2024இல் எடுத்தோருள்ளும் அதன்பின் எடுப்போருள்ளும், இத்தமிழ்நிலத்து இளைஞர் எத்தனை பேர்க்குக் களத்தில் நிற்க இடந்தந்தது? எத்தனை சிற்றூர்ப் பந்தயங்களுக்குத் தன் ஆட்களை அனுப்பிப் பார்த்துவரச் செய்தது? கோப்பையை வென்றும் இவ்விரண்டினையும் செய்யாதாயின், பெயரை மட்டும் நம்மிடம் இரவல் வாங்கிற்று என்போம். கோப்பை வெல்லாது இவ்விரண்டினையும் செய்யுமாயின், அதன் ஏலப்பணம் வீண்போகவில்லை என்று துணிந்து கூறுவோம்.

2025ஆம் ஆண்டு இறுதியில் உலக இளையோர் கோப்பை ஹாக்கிப் பந்தயம் சென்னையிலும் மதுரையிலும் நடைபெற்றது. 24 நாடுகள் ஆடின. இந்தியா அர்ஜென்டினாவை வென்று வெண்கலம் பெற்றது. உலகத்தார் ஆட்டத்தை மதுரையிலேயே காணும் பேறு நம் தென்பாண்டி நாட்டு மாணவர்க்கு வாய்த்தது. கண்டு மகிழ்ந்ததோடு அமையாது, அத்தகைய களங்களுக்கு நம்மூரிலிருந்து ஆள் அனுப்பும் வழியைத் தேடுதல் நம் கடன்.

முடிவாக நம் கல்லூரி மாணவர்க்கு ஒன்று சொல்வோம். அணித்தலைவர் பதவியும் அணித்தேர்வும் ஆண்டுதோறும் உங்கள் கைக்கு வருகின்றன. ஒவ்வொருவரையும் ஏன் எடுத்தீர், ஏன் விட்டீர் என்பதைத் தேர்வு நடந்த அன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தில் இரண்டிரண்டு வரியாக எழுதி வைமின். ஈராண்டு கழித்து அதனை எடுத்துப் படிமின். நீவிர் கண்டது எது, காணத் தவறியது எது, தற்செயலாய் வாய்த்தது எது என்பன அப்போது தெளிவாம். நண்பன் என்று எடுத்தீரா, முந்திய ஆண்டு ஆடினான் என்ற வழக்கம் பற்றி எடுத்தீரா, விடுதி மாணவனையே நோக்கி நாள்தோறும் நெடுந்தூரம் பஸ்ஸில் வந்து செல்லும் மாணவனை மறந்தீரா என்பனவும் அப்புத்தகத்தில் தாமே வெளிப்படும். பெரிய அணிகள் கோடிக்கணக்கில் செலவிட்டும் எளிதிற் கல்லாத பாடத்தை நீவிர் ஓரணாச் செலவின்றிக் கற்கலாம். விடப்பட்ட ஒருவன் மைதானத்தின் ஓரத்தில் நின்று நோக்கிக் கொண்டிருப்பான். அடுத்த தேர்வு நாளில் அவனை ஒருமுறை பெயர் சொல்லி அழைத்து, பந்தை அவன் காலடியில் உருட்டிவிட்டுப் பார்மின்.